‘படிப்படியாக அதிகரித்து வருகிறது’ என்பதற்கு மாற்றாக எவற்றை எழுதலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உயர்நிலை இரண்டில் படிக்கும் உங்கள் மகள் பருவநிலை மாற்றம் பற்றி எழுதிய கட்டுரையில் வெப்பநிலை, கடல்மட்டம், வீடுகளில் உள்ள குளிர்சாதனங்கள், காற்றில் உள்ள கரியமில வாயு, மக்களின் அச்சம் ஆகிய ஐந்துமே ‘படிப்படியாக அதிகரித்து வருகின்றன’. ஆசிரியர் ஐந்து இடங்களிலும் கோடிட்டு, வேறு சொற்களைப் பயன்படுத்தும்படி குறித்திருக்கிறார். நீங்கள் தேடியபோது வளர்ச்சி, பெருக்கம், ஏற்றம், உயர்வு, மிகுதி, கூடுதல் என்ற பட்டியல் கிடைத்திருக்கிறது. இவற்றுள் எதை எங்கே எழுதலாம் என்பது உங்கள் கேள்வி. உண்மையில் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு பொருள் கூடுகிறது என்பதைச் சொல்லும் வினை எது என்பது ஒன்று. அது ஒரேயடியாக நிகழாமல் சிறிது சிறிதாக நிகழ்கிறது என்பதைத் தமிழ் எப்படிக் காட்டுகிறது என்பது மற்றொன்று. உங்களுக்குக் கிடைத்த பட்டியல் முதல் கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது. அதிலுள்ள ஆறு சொற்களில் ஒன்றுகூடத் தன்னளவில் ‘சிறிது சிறிதாக’ என்ற பொருளைத் தருவதில்லை.

பள்ளியில் தமிழ் கற்பித்தும், பிறகு மொழிபெயர்ப்புகளைச் செப்பம் செய்தும் நெடுங்காலம் இதே சொற்களோடு பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன். இலக்கணமும் அகராதியும் உறுதிப்படுத்துபவற்றை உறுதியாகவே சொல்கிறேன். என் செவிக்கு எட்டும் பொருத்தம் மட்டுமே சான்றாக இருக்கும் இடங்களில் அவ்வாறே குறிப்பிடுகிறேன்.

‘படிப்படியாக’ என்பதிலிருந்தே தொடங்கலாம். இது கூடுதலைக் குறிக்கும் சொல்லே அன்று. படிப்படியாகக் குறைந்தது, படிப்படியாக மாறியது, படிப்படியாகக் கற்றுக்கொண்டான் என்று எந்தத் திசைக்கும் இது பொருந்தும். ஏறுவதற்கோ இறங்குவதற்கோ உரிய படிக்கட்டுதான் இதன் அடிப்படை. படிக்கட்டில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் எல்லை உண்டு. ஒவ்வொரு படியிலும் சற்று நிற்க இடமும் உண்டு. ஆகவே இச்சொல் மிகச் சரியாகப் பொருந்துவது, நிலைகளாகப் பிரித்து நடைபெறும் மாற்றங்களுக்கே. சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 1994இல் 3 விழுக்காடாகத் தொடங்கி, 2003இல் 4, 2004இல் 5, 2007இல் 7, 2023இல் 8, 2024இல் 9 என்று உயர்ந்தது. ஒவ்வோர் உயர்வுக்கும் ஒரு தேதி இருக்கிறது. இரண்டு உயர்வுகளுக்கு இடையே வரி அசையாமல் நின்ற காலமும் இருக்கிறது. இது படிப்படியான உயர்வு. துப்புரவு, பாதுகாவல் போன்ற துறைகளுக்கான ‘படிப்படியாக உயரும் சம்பள முறை’ என்ற வழக்கும் இதனால்தான் பொருத்தமாக அமைந்துள்ளது. அங்கே திறனுக்கும் பொறுப்புக்கும் ஏற்ற படிநிலைகள் உண்மையாகவே வகுக்கப்பட்டுள்ளன.

ஆனால் அந்தி இருட்டுவதும், உடலில் காய்ச்சல் ஏறுவதும், கடல்மட்டம் உயர்வதும் படிகளாக நிகழ்வதில்லை. அவற்றுக்குப் ‘படிப்படியாக’ என்று எழுதுவதைப் பிழை என்று என்னால் கூற முடியாது. இன்றைய எழுத்துத் தமிழில் இச்சொல்லின் பொருள் விரிந்து, மெல்ல நிகழும் எல்லாவற்றையும் தழுவிவிட்டது; நாளிதழும் பாடநூலும் அப்படியே எழுதுகின்றன. எனினும், வேறு சொல் கைவசம் இருக்கும்போது படிகள் உள்ள இடத்துக்கு இதை ஒதுக்கிவைப்பது நல்லது என்பது என் கருத்து. இது விதி அன்று, தேர்வு மட்டுமே.

இனி வினைச்சொற்கள். இங்குதான் பட்டியல்கள் நம்மை ஏமாற்றுகின்றன. ஒரு பொருளுக்குப் பல சொற்களைத் தொகுத்துத் தருவது தமிழில் மிகப் பழைய வழக்கம். திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் அந்தப் பணியைச் செய்த நிகண்டுகள். செய்யுள் இயற்றுவோருக்கு அவை பெருந்துணை. ஆனால் ஒரு சொல் எந்தப் பெயரோடு சேரும், எதனோடு சேராது என்பதைக் காட்டுவது நிகண்டின் நோக்கம் அன்று. அந்த வேலையைச் செய்வது எடுத்துக்காட்டுத் தொடர்களோடு கூடிய அகராதி. 1992இல் முதற்பதிப்பு கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை உங்கள் மகளுக்கு நான் பரிந்துரைப்பதும் அதற்காகத்தான். அதில் பொருளைவிட எடுத்துக்காட்டையே முதலில் படிக்கச் சொல்லுங்கள்.

சொற்களின் சேர்க்கை எவ்வளவு வேறுபடும் என்பதைக் காண நம் அனைவருக்கும் தெரிந்த ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன். 2013ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சுமத்ராவின் காட்டுத்தீயால் சிங்கப்பூரைப் புகைமூட்டம் சூழ்ந்தது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 19ஆம் தேதி இரவு 321ஐத் தொட்டது, மறுநாள் 371, 21ஆம் தேதி நண்பகலில் 401. அந்த மூன்று நாள்களை ஒருவர் எழுதினால், புகை அடர்ந்தது என்பார். குறியீடு ஏறியது அல்லது உயர்ந்தது என்பார். மருந்தகங்களில் கூட்டம் கூடியது என்பார். கண்ணெரிச்சல் மிகுந்தது என்பார். மக்களின் கவலை வலுத்தது என்பார். முகக்கவசத்தின் தேவை பெருகியது என்பார். நிகழ்வு ஒன்று, வினைகள் ஏழு. இவற்றை இடம் மாற்றிப் பாருங்கள். குறியீடு அடர்ந்தது என்றோ, புகை உயர்ந்தது என்றோ எழுதினால், முதலாவது பொருளற்றுப் போகும். இரண்டாவது புகை மேலே எழும்பிப் போய்விட்டது என்ற வேறு பொருளைத் தரும். கவலை ஏறியது என்று எவரும் சொல்வதில்லை. ‘அதிகரித்தது’ ஒன்றுதான் ஆறு இடங்களிலும் தட்டின்றி நுழையும். அதனாலேயே மாணவர்கள் அதைத் தஞ்சம் அடைகிறார்கள். அதனாலேயே அது எதையும் காட்டாமல் போகிறது.

ஆகவே, தமிழில் கூடுதலுக்கான வினை, கூடும் பொருளின் இயல்பைப் பொறுத்து அமைகிறது. உயரத்தாலோ அளவுகோலாலோ அளக்கப்படுவது உயரும்: விலை, சம்பளம், நீர்மட்டம், தரம். ஏறுவதும் அளவுகோலோடு தொடர்புடையதே என்றாலும், ‘ஏறு’ என்பதில் இயக்கம் கூடுதலாகத் தெரிகிறது. காய்ச்சல் ஏறுகிறது, வெயில் ஏறுகிறது, விஷம் ஏறுகிறது, வயது ஏறுகிறது. இறங்குதல் இதன் எதிர்ச்சொல். ஆகையால் ஏறியது இறங்கவும் கூடும் என்ற எதிர்பார்ப்பு இச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. சிங்கப்பூரில் வாகனம் வாங்க ஏலத்தில் பெற வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழின் கட்டணத்தைப் பற்றிப் பேசும்போது ‘ஏற்ற இறக்கம்’ என்பது இயல்பாக வாய்க்கு வருவது அதனால்தான். பெயர்ச்சொல்லாகிய ‘ஏற்றம்’ மட்டும் சற்றுக் கவனத்துக்குரியது. ‘விலையேற்றம்’ என்று ஒட்டி வரும்போது அது வெறும் உயர்வு. ‘வாழ்வில் ஏற்றம்’ என்று தனித்து வரும்போது அது சிறப்பு. கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் பழைய கருவிக்கும் அதுவே பெயர்.

எண்ணிக்கையில் சேர்ந்துகொண்டே வருவது கூடும். இரண்டு பொருள்கள் ஒன்றுசேர்வதே இவ்வினையின் அடிப்பொருள். கூட்டமும் கூட்டலும் இதிலிருந்தே வந்தவை. எளிய சொல், பேச்சிலும் எழுத்திலும் ஒருங்கே நிற்கும், எடை கூடியது, வயது கூடியது, ஆள் கூடியது என்று எங்கும் செல்லும். ஆனால் உங்கள் பட்டியலில் உள்ள ‘கூடுதல்’ என்ற பெயரை அதிகரிப்பு என்ற பொருளில் எழுத வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். இன்று அது பெரும்பாலும் பெயருக்கு முன்னே அடையாக நிற்கிறது. ‘கூடுதல் பேருந்துகள்’, ‘கூடுதல் கட்டணம்’ என்பவற்றில் வழக்கமான அளவுக்கு மேற்பட்டது என்பதே பொருள். ‘வெப்பத்தின் கூடுதல்’ என்று எழுதினால் படிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார்.

‘பெருகு’ என்பது ‘பெரு’ என்ற அடியிலிருந்து வந்தது. அளவில் பெரிதாவதும் நீர்போல் பொங்கி வருவதும் அதன் சாயல்கள். வெள்ளம் பெருகும், கண்ணீர் பெருகும், செல்வம் பெருகும். காவிரியில் புதுப்புனல் வருவதைக் கொண்டாடும் நாளுக்கு ஆடிப்பெருக்கு என்று பெயரிட்டவர்கள் இச்சொல்லை மிகத் துல்லியமாகக் கையாண்டவர்கள். இதன் நேர் எதிர்ச்சொல்லைத் திருக்குறள் காட்டுகிறது. ‘பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய சுருக்கத்து வேண்டும் உயர்வு’ என்பது 963ஆம் குறள். செல்வம் பெருகியபோது பணிவும், சுருங்கியபோது தாழ்ந்துபோகாத உயர்வும் வேண்டும் என்பது கருத்து. இந்த ஒரே குறளில் பெருக்கம் அளவையும் உயர்வு மன நிலையையும் குறிப்பதைக் கவனியுங்கள். உங்கள் பட்டியல் அவ்விரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறது.

மக்கள்தொகையைப் பற்றி எழுதும்போது இந்த வேறுபாடு நேரடியாகப் பயன்படும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகை 2010இல் 5.08 மில்லியன், 2020இல் 5.69 மில்லியன். இதை ‘மக்கள்தொகை கூடியது’ என்றோ ‘உயர்ந்தது’ என்றோ எழுதலாம். ‘பெருகியது’ என்பதும் தவறாகாது. ஆனால் ‘மக்கள் பல்கிப் பெருகினர்’ என்று எழுதினால் எனக்கு உறுத்தும். பல்குதல் என்பது ‘பல்’ என்ற அடியிலிருந்து வந்து, ஒன்று பலவாவதைக் குறிக்கிறது. ‘பல்கிப் பெருகி’ என்ற இணைப்பில் குடும்பம் கிளைத்து, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகத் தழைப்பதே மனக்கண்ணில் தோன்றும். ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையாகிய மொத்தக் கருவள விகிதம் 2023இல் 0.97ஆகக் குறைந்துவிட்ட ஒரு நாட்டில் அந்தத் தொடர் உண்மைக்குப் புறம்பாகிவிடுகிறது. இங்கே தொகை கூடியதில் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. சேர்ந்ததால் கூடியது என்பதே அதற்குப் பொருந்தும்.

‘வளர்’ என்ற வினையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகம் குழப்புவது அதுதான். உள்ளிருந்து இயல்பாகப் பெரிதாகும் பொருளுக்கு உரியது இவ்வினை. குழந்தை, பயிர், கூந்தல், நிலவு. வளர்பிறை என்ற சொல்லே அதற்குச் சான்று. அங்கே தேய்தல் எதிர்ச்சொல்லாகிறது. வினையாக வரும்போது இதற்கு நல்லது கெட்டது என்ற வேறுபாடு இல்லை. அன்பும் வளரும், பகையும் வளரும், உடலில் கட்டியும் வளரும். ஆனால் ‘வளர்ச்சி’ என்ற பெயராக மாறியவுடன் அது விரும்பத்தக்க ஒன்றாகிவிடுகிறது. பொருளியல் வளர்ச்சி, மொழி வளர்ச்சி, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்பவற்றில் முன்னேற்றம் என்ற பொருளும் கலந்திருக்கிறது. ‘குற்றச்செயல்களின் வளர்ச்சி’, ‘தூய்மைக்கேட்டின் வளர்ச்சி’ என்பவை இலக்கணப்படி குற்றமற்றவை. ஆயினும் ஏதோ வாழ்த்துவதுபோல் ஒலிக்கின்றன. அவ்விடங்களில் பெருக்கம் அல்லது அதிகரிப்பு என்பதே தகும். இன்னோர் எடுத்துக்காட்டு: நாடு விடுதலை பெற்ற காலத்தில் சிங்கப்பூரின் நிலப்பரப்பு சுமார் 580 சதுர கிலோமீட்டர், கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் இன்று அது 730ஐத் தாண்டிவிட்டது. இதைச் சொல்ல ‘சிங்கப்பூர் வளர்ந்தது’ என்று எழுதினால் எல்லாரும் பொருளியலைத்தான் நினைப்பார்கள். நிலப்பரப்பு விரிந்தது, விரிவடைந்தது என்றால்தான் செய்தி செய்தியாகச் சென்று சேரும்.

‘மிகுதி’ பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இது கூடும் செயலைக் காட்டிலும் கூடி முடிந்த நிலையையே குறிக்கிறது. தேவைக்கு மேல் இருப்பதும், செலவு போக எஞ்சியதும் மிகுதியே. நன்னூல் ‘சால உறு தவ நனி கூர் கழி மிகல்’ என்று ஆறு உரிச்சொற்களை மிகுதிப் பொருளுக்கு வகுத்தது. சாலச் சிறந்தது, நனி நன்று, கழிபேருவகை என்று இன்றும் சில வழங்குகின்றன. இணையப் பட்டியல்கள் சில இவற்றையும் சேர்த்துத் தருகின்றன. இவை ஒரு பண்பு எவ்வளவு செறிவாக இருக்கிறது என்பதைச் சொல்பவை. எப்படி மெல்ல மெல்லக் கூடியது என்பதைச் சொல்பவை அல்ல. உங்கள் மகளின் தேவைக்கு இவை பயன்படா.

பட்டியலில் இல்லாத சில வினைகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிருள்ள தமிழ் இவற்றில்தான் இருக்கிறது. ‘வலு’ அவற்றுள் முதன்மையானது: மழை வலுத்தது, காற்று வலுத்தது, எதிர்ப்பு வலுத்தது, ஐயம் வலுத்தது. ‘முற்று’ என்பது நிறைவை நோக்கிச் செல்லும் கூடுதல்: பயிர் முற்றியது, நோய் முற்றியது, வாக்குவாதம் முற்றியது. அதற்கு மேல் போக இடமில்லை என்ற குறிப்பும் அதில் உண்டு. தீயும் குரலும் ஓங்கும். கடனுக்குரிய வட்டி ஏறும். நமக்கு வரவேண்டிய வட்டி சேரும். சிங்கப்பூரில் ஊழியரின் சம்பளத்திலிருந்து ஓய்வுக்காலத்துக்குச் சேர்க்கப்படும் மத்திய சேம நிதிக் கணக்கில் ‘வட்டி ஏறியது’ என்றால் ஏதோ கடன்பட்டதுபோல் என் செவிக்குப் படுகிறது. இது நான் பழகிய வழக்கு. வேறு ஊரார் வேறாகவும் உணரலாம். சில மாற்றங்களுக்குத் தனி வினையே உள்ளது. கூடுதல் சொல் ஒன்றும் வேண்டியதில்லை. இருள் அதிகரிப்பதில்லை, இருட்டுகிறது, காய் பழுக்கிறது, மாவு புளிக்கிறது, முகம் சிவக்கிறது.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். சிறிது சிறிதாக என்ற பொருளைத் தமிழ் காட்டும் வழிகளுள் முதலாவது அடுக்கு. சிறுகச் சிறுக, சிறிது சிறிதாக, கொஞ்சங்கொஞ்சமாக ஆகிய மூன்றும் அளவைக் குறிப்பவை. ஒவ்வொரு முறையும் சேர்வது சிறிது என்பது கருத்து. சேமிப்புக்கும் கற்றலுக்கும் இவை பொருந்தும். ‘சிறுகக் கட்டிப் பெருக வாழ்’ என்ற பழமொழி இதையே சொல்கிறது. மூன்றில் ‘கொஞ்சங்கொஞ்சமாக’ பேச்சுக்கு நெருக்கமானது. ‘மெல்ல மெல்ல’ அளவைப் பற்றியது அன்று, வேகத்தைப் பற்றியது. தென்பாண்டி நாட்டார் பேச்சில் ‘பைய’ என்பது அதே இடத்தில் நிற்கும். ‘நாளடைவில்’, ‘நாளாவட்டத்தில்’, ‘காலப்போக்கில்’ என்பவை காலத்தின் நீட்சியைச் சொல்கின்றன. பத்து நிமிடத்தில் நிகழ்ந்த மாற்றத்துக்கு இவை ஆகா. ‘நாளுக்கு நாள்’, ‘ஆண்டுக்கு ஆண்டு’ என்பவை ஒன்றை முந்தைய ஒன்றோடு ஒப்பிடுகின்றன. ‘வரவர’ என்பதில் பெரும்பாலும் ஒரு குறைகூறல் உண்டு. வரவர வெயிலைத் தாங்க முடியவில்லை என்போம், வரவர நிம்மதியாக இருக்கிறது என்று அரிதாகவே சொல்வோம். ‘மேன்மேலும்’ வாழ்த்துக்கு உரியது. ‘அடுத்தடுத்து’ என்பதை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்க்க வேண்டாம். அது இடைவெளியின்மையைக் குறிக்கிறதே அன்றி மெதுவாகக் கூடுவதைக் குறிப்பதில்லை.

அடுக்கின் இன்னொரு வடிவம் இதைவிட வலிமை வாய்ந்தது. நேரம் ஆக ஆக, வெயில் ஏற ஏற, படிக்கப் படிக்க, போகப் போக என்று செய என்னும் வாய்பாட்டு எச்சத்தை இரட்டித்தால், ஒன்று கூடுவதற்கு ஏற்ப மற்றொன்றும் கூடுகிறது என்பது தானாகவே விளங்கும். ‘வெப்பம் ஏற ஏறப் பனிப்பாறைகள் உருகுகின்றன’ என்ற ஒரே தொடரில் கூடுதலும் இருக்கிறது, மெதுவும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. பழைய தமிழில் இந்த வேலையை ‘தொறும்’, ‘அனைத்து’ போன்றவை செய்தன. ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக் கற்றனைத் தூறும் அறிவு’ என்ற குறளில் தோண்டும் அளவுக்கு நீர், கற்கும் அளவுக்கு அறிவு என்று இரண்டு கூடுதல்கள் இணைகின்றன. பிழை என்று குறிக்க எந்த ஆசிரியருக்கும் இதில் இடமில்லை. மாணவர்கள் இதை இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

மூன்றாவது வழி துணைவினை. ‘விலை உயர்ந்து வருகிறது’ என்பதில் உள்ள ‘வருகிறது’, கடந்த காலத்தில் தொடங்கி இன்றுவரை தொடர்வதைக் காட்டுகிறது. செய்தியாளரின் நடுநிலை அதில் உண்டு. ‘விலை உயர்ந்துகொண்டே போகிறது’ என்றால், நம் கட்டுப்பாட்டை மீறி எங்கோ செல்கிறது என்ற மனக்குறை தொனிக்கும். இவ்விரண்டின் வேறுபாட்டை உணர்ந்த மாணவர், வாதக் கட்டுரையில் எந்த இடத்தில் நடுநிலையாக நிற்பது, எந்த இடத்தில் கவலையைக் காட்டுவது என்பதைத் தாமே முடிவு செய்துகொள்வார். மேலும், ‘உயர்ந்து வருகிறது’ என்பதிலேயே தொடர்ச்சி அடங்கியிருப்பதால், அதன் முன்னே ‘படிப்படியாக’ பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. உங்கள் மகளின் ஐந்து தொடர்களில் மூன்றிலாவது, வேறு சொல் தேடாமல் அச்சொல்லை நீக்கிவிட்டாலே போதும்.

நான்காவதாக ஒரு வழி உண்டு. தேர்ந்த எழுத்தாளர்கள் பெரிதும் நாடுவது அதுவே. கூடுகிறது என்று சொல்லாமல், கூடும் நிலைகளையே வரிசையாகப் பெயர் சொல்லிவிடுவது. ‘காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலரும்இந் நோய்’ என்கிறது 1227ஆம் குறள். காலையில் அரும்பு, பகலில் போது (மலரும் பருவத்து மொட்டு), மாலையில் மலர். பிரிவுத் துயர் ஒரு நாளுக்குள் எப்படி முதிர்கிறது என்பது முழுமையாகத் தெரிந்துவிடுகிறது. அதிகரி, மிகு, பெருகு, வளர் என்ற வினைகளுள் ஒன்றும் அங்கே இல்லை. மேலே நான் புகைமூட்டத்துக்குத் தந்த 321, 371, 401 என்ற மூன்று எண்களும் இதே வேலையைச் செய்பவைதாம். எண்கள் வரிசையாக நிற்கும்போது ‘அதிகரித்தது’ என்பதைப் படிப்பவரே சொல்லிக்கொள்வார்.

‘அதிகரி’ என்ற சொல்லைப் பற்றி ஓர் ஐயம் உங்களுக்கு எழக்கூடும். அது ‘அதிகம்’ என்ற வடசொல்லின் வழி வந்தது என்பதால் விலக்க வேண்டுமா? தனித்தமிழ் நடையை விரும்புவோர் விலக்குவர். அவர்களுடைய கட்டுரைகளில் அது குறையின்றி நிறைவேறுவதையும் கண்டிருக்கிறேன். பள்ளிக் கட்டுரையைப் பொறுத்தவரை இச்சொல் முழுமையாக ஏற்கப்பட்டது; அதற்காக மதிப்பெண் குறையும் என்று அஞ்ச வேண்டாம். ‘அதிகமாக அதிகரித்தது’ என்ற தொடரை மட்டும் தவிர்க்க வேண்டும். ‘பெரிதும் அதிகரித்தது’ அல்லது ‘வெகுவாகக் கூடியது’ என்று எழுதலாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஆசிரியர் என்ன நோக்கத்தோடு கோடிட்டார் என்பதை மகள் அவரிடமே கேட்பது நல்லது. சொல் திரும்பத் திரும்ப வந்ததைக் குறித்தாரா, பொருத்தமின்மையைக் குறித்தாரா என்பதை உங்கள் விவரிப்பிலிருந்து என்னால் பிரித்தறிய இயலவில்லை.

இனி அந்த ஐந்து தொடர்கள். உலக வெப்பநிலைக்கு ‘ஆண்டுக்கு ஆண்டு’ என்பதைத் தவிர்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் ஓராண்டு ஏறி மறு ஆண்டு சற்று இறங்குவதும் உண்டு. ‘தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து உலக வெப்பநிலை ஏறுமுகமாகவே இருந்து வருகிறது’ என்பது உண்மையோடு ஒட்டியது. கடல்மட்டத்துக்கு ‘சிறிது சிறிதாக உயர்ந்து வருகிறது’ என்பது போதும். மில்லிமீட்டர் அளவில் நிகழும் மாற்றத்துக்கு ‘சிறிது சிறிதாக’ மிகச் சரியான அடை. குளிர்சாதனங்களுக்கு ‘வெயில் ஏற ஏறக் குளிர்சாதனம் பொருத்திய வீடுகளும் கூடுகின்றன’ என்று எழுதலாம். கரியமில வாயு காற்றில் சேர்வது, ஆகவே ‘காற்றில் கரியமில வாயு மேலும் மேலும் சேர்ந்துகொண்டே போகிறது’. இங்கே ‘போகிறது’ என்பதிலுள்ள கவலை வேண்டியதுதான். அச்சத்துக்கு ‘மக்களிடையே அச்சம் வலுத்து வருகிறது’. ஆசிரியர் கோடிட்டதால் ‘படிப்படியாக’ என்பதையே கைவிட்டுவிட வேண்டியதில்லை. அதே கட்டுரையில் அதற்கு உரிய இடம் ஒன்று இருக்கிறது. கரிம வெளியேற்றத்தின்மீது விதிக்கப்படும் சிங்கப்பூரின் கரிம வரி 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கி, 2024இல் 25 வெள்ளியாகவும், 2026இல் 45 வெள்ளியாகவும் நிர்ணயிக்கப்பட்டது. ‘அரசாங்கம் கரிம வரியைப் படிப்படியாக உயர்த்தி வருகிறது’ என்று மகள் எழுதினால், அந்தச் சொல்லை மாற்றச் சொல்ல எனக்குக் காரணம் ஏதும் இல்லை.